ராஜாமணி அடைத்த வழி

ராஜாமணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பஸ்ஸில் போனாலும் சரி, கல்யாண ஊர்வலத்தோடு நடந்தாலும் சரி, அவன் கண் மனிதர்கள் மேல் நிற்காது, மாடிகள் மேல்தான் மேயும். எந்த மாடியிலாவது ஒரு ஃபைபர் தண்ணீர்த் தொட்டி தெரிந்துவிட்டால் போதும். "அது நம்மளுது" என்று பக்கத்தில் நிற்பவரின் விலாவில் ஒரு இடி இடிப்பான். அவர் தெரிந்தவரா தெரியாதவரா என்றெல்லாம் பார்க்க மாட்டான். அவன் மனைவி செந்தாமரை இதற்காகவே அவனோடு வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள். "மாப்புள மூஞ்சியப் பாருய்யான்னு இட்டுனு போனா, சத்திரத்து மாடியப் பாத்துகினு நிக்கிற" என்று திட்டுவாள்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையோரத்தில் நடேசன் என்பவர் ஒரு ஃபைபர் பட்டறை வைத்திருந்தார். நான் சொல்வது 1991-ஆம் வருஷத்துக் கதை. இன்றைக்கு அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் கம்பெனி மதில்கள்தான். அன்றைக்கு வேர்க்கடலைக் கொல்லையும் வேலிக்காத்தானும் நடுநடுவே ஒரு தகரக் கொட்டகையும்தான் இருந்தன. அந்தத் தகரக் கொட்டகைகளில் ஒன்று நடேசனுடையது. அங்கே ராஜாமணிதான் பெரிய மேஸ்திரி. அச்சின் மேல் கண்ணாடி நூல் பாயை விரித்து, ரெசின் பசையை ஊற்றி, உருளையால் தேய்த்துத் தேய்த்துக் காற்றை வெளியேற்றுவது அவன் வேலை. அந்தப் பாயை அவர்கள் 'மேட்டு' என்பார்கள். அதன் தூசி உடம்பில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும். ராஜாமணிக்கு அரிப்பு பழகிவிட்டது. ஒருநாள் அரிக்காவிட்டால்தான் வேலை சரியாக நடக்கவில்லையோ என்று சந்தேகம் வரும்.

அவன் தொட்டி ஒழுகாது. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பேர் அவனுக்கு இருந்தது. தொட்டி முடிந்ததும் அதில் தண்ணீர் நிரப்பிவிட்டு, அடியில் சுற்றிலும் பழைய பேப்பரைப் பரப்பி வைப்பான். மறுநாள் காலையில் பேப்பர் மொரமொரவென்று இருந்தால்தான் வண்டியில் ஏற்ற விடுவான். எங்காவது பொட்டு ஈரம் தெரிந்தால் மறுபடி தேய்ப்பு, மறுபடி மேட்டு. ஓட்டை என்பது அவன் வரைக்கும் ஒரு அவமானம். "ராஜாமணி அடைச்சா அடைச்சதுதான்" என்று நடேசன் வாடிக்கையாளர்களிடம் சொல்வார். அதைக் கேட்டும் கேட்காததுபோல் உருளையைத் தேய்த்துக்கொண்டிருப்பதில் அவனுக்கு ஒரு சுகம்.

மாசி மாதத்தில் ஒருநாள் கருவாட்டுக் கூடையோடு ஒரு அம்மாள் பட்டறை வாசலில் நின்றாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்காரி, பேர் கங்கம்மாள். வாரத்துக்கு ஒருமுறை பஸ் மாறி மாறி இந்தப் பக்கம் வந்து கருவாடு விற்பவள். மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தாள்.

"இன்னாப்பா இது, போட்டு வாசன அடிக்குது?"

"போட்டும் இல்ல, கப்பலும் இல்ல. தண்ணித் தொட்டிம்மா" என்றான் ராஜாமணி.

"அதே வாசனதான். எங்க பைபர் போட்டு புதுசா வந்தப்ப ஒரு வாரம் இதே வாசன. எங்க வூட்டு ஆளுக்குத் தலநோவே வந்துச்சு. ஏம்ப்பா, அப்ப நீங்க போட்டும் பாப்பீங்களா?"

அவர்கள் படகு கரையில் கிடந்தது. மணலில் இழுத்து இழுத்து அடிப்பாகம் தேய்ந்துவிட்டது. மேல்தட்டு ஊறிப்போன ரொட்டிமாதிரி காலை வைத்தால் அமுங்கியது. அவள் புருஷன் சின்னப்பையன் சொந்தப் படகை வைத்துக்கொண்டு அடுத்தவன் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். ஊரில் அதைச் சரிசெய்ய ஆளில்லை. சென்னைக்குக் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. இதையெல்லாம் கூடையை இறக்காமலேயே சொல்லி முடித்தாள்.

நடேசன் தயங்கினார். "நமக்கு இன்னாத்துக்கு இந்த வேல ராஜாமணி? தொட்டின்னா ஒரு எடத்துல குந்திகினு இருக்கும். இது கடல்ல போறது."

"கொண்டாரச் சொல்லுங்க மொதலாளி" என்றான் ராஜாமணி. "சாமான் ஒண்ணுதான? எங்க ஒடஞ்சிகீதோ அங்க மேட்டு போட்டு அடைக்கப் போறோம். தண்ணி வெளிய போவாம பாத்துக்கறவனுக்கு உள்ள வராம பாத்துக்கத் தெரியாதா?"

எவ்வளவு அழகான பேச்சு! அவனுக்கே பிடித்துப்போய் அன்றைக்கு வீட்டிலும் ஒருமுறை சொல்லிக்காட்டினான்.

ராஜாமணிக்குக் கடல் தெரியாது. கடல் என்ன, கிணறே தெரியாது. ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் கோடையில் கிணற்று மேட்டிலிருந்து குதித்துக் கும்மாளம் போடுவார்கள். இவன் அவர்கள் துணியைக் காவல் காப்பான். நீச்சல் வராது. இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்தால் வாய் உலர்ந்துவிடும். இது செந்தாமரைக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

படகு லாரியில் வந்தது. தலை வாசலுக்கு உள்ளே, வால் சாலையில் என்று கிடந்ததை இழுத்து உள்ளே போடவே ஊர் கூடவேண்டியிருந்தது. கவிழ்த்துப் போட்டு ராஜாமணி தடவிப் பார்த்தான். அடிமுதுகில் ஃபைபர் தேய்ந்து நூல் நூலாகத் தெரிந்தது. பக்கங்களில் கொப்புளம் கொப்புளமாக வீங்கியிருந்தது. ஒரு கொப்புளத்தை ஆணியால் குத்தினான். புளிச்ச வாடையோடு தண்ணீர் வந்தது.

அந்தப் படகை உலர்த்துவதே பெரிய பாடு. உப்பு ஊறின ஃபைபரின் மேல் ரெசின் பிடிக்காது. நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவு, காயப்போடு, மறுபடி கழுவு. உப்பு போய்விட்டதா என்று பார்க்கப் பட்டறையில் எந்த வழியும் தெரியவில்லை. கங்கம்மாள்தான் அதைத் தீர்த்துவைத்தாள். கருவாடு விற்றுவிட்டு வரும்போது கூடையை வாசலில் வைப்பாள், குனிந்து படகின் வயிற்றில் நாக்கை வைத்துப் பார்ப்பாள். "இன்னும் கீது" என்பாள். வந்தாள், பார்த்தாள், "இன்னும் கீது". பங்குனி வெயில் முழுக்க இப்படியே போயிற்று. பட்டறைப் பையன்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ராஜாமணி மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவனும் நாக்கை வைத்துப் பார்த்தான். இருந்தது. இன்னொரு நாள் வைத்துப் பார்த்தான். இல்லை. அன்றைக்குக் கங்கம்மாள் வந்து சொல்வதற்குமுன் அவனே, "போயிடுச்சுக்கா" என்றான். அவளும் சோதித்துவிட்டு, "அட, உனக்கும் நாக்கு வந்துடுச்சே" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஈரத்துக்கு அவனிடமே ஒரு வழி இருந்தது. பிளாஸ்டிக் தாளைப் படகின் உடம்பில் ஒட்டிவைத்துவிட்டு மறுநாள் பார்ப்பான். தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். வேர்க்காத நாள் வந்ததும் தேய்க்கும் இயந்திரத்தைப் போட்டான். கொப்புளங்களைச் சுரண்டினான். அடிமுதுகில் மேட்டுக்கு மேல் மேட்டாகப் போட்டு, இனி பாறையில் இழுத்தாலும் தாங்கும் என்கிற அளவுக்குத் தடிக்க வைத்தான்.

பிறகு மேல்தட்டு. பழசை அறுத்து எடுத்தபோது அதன் அடியில் இருந்த பலகை கறுத்துக் கையோடு பிய்ந்து வந்தது. படகின் வயிறு திறந்து கிடந்தது. உள்ளே குறுக்கே தடுப்புச் சுவர்கள். ஒவ்வொரு சுவரிலும் அடிமூலையில் ஒரு துளை, இரண்டு விரல் நுழைகிற அளவு. விளிம்பெல்லாம் உடைந்து, சேறு அப்பி, எலி கடித்தமாதிரி இருந்தது. ராஜாமணி அதைப் பார்த்து 'ச்சொ' கொட்டினான். இத்தனை வருஷம் எவனும் இதைக் கவனிக்கவில்லையே என்று வருத்தப்பட்டான். ஒவ்வொன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்து, மேட்டு வைத்து, எங்கே துளை இருந்தது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாதபடி அடைத்தான். அதற்குமேல் புதுப் பலகை, பலகைக்குமேல் ஃபைபர், அதற்குமேல் வெளிர்நீலப் பூச்சு. கால் வழுக்காமல் இருக்கப் பூச்சு காய்வதற்குள் மணலைத் தூவும்படி கங்கம்மாளிடம் சொல்லி அனுப்பியிருந்தான் சின்னப்பையன். அதையும் ராஜாமணி சல்லடை வைத்துக் கோலம்போடுவதுபோல் தூவினான்.

அடேயப்பா, என்ன படகு! சாலையில் போகிற லாரிக்காரர்கள் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வைகாசியிலேயே முடிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து நாடே தலைகீழாகிப் போயிருந்தது. அந்தப் பக்கம் ஒரு படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் போலீஸ் சும்மா விடுமா? யாருடைய படகு, எந்தக் கடலுக்கு என்று ஆயிரம் கேள்வி வரும். சூடு தணியட்டும் என்று காத்திருந்து, ஆனி முடியப்போகும் சமயத்தில்தான் சின்னப்பையன் லாரியோடு வந்தான்.

சின்னப்பையன் அதிகம் பேசாத ஆள். படகைச் சுற்றி வந்தான். குனிந்தான், தட்டினான், ஏறி நின்று குதித்தான். அமுங்கவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம். பின்பக்கம் போய் அடியில் இருந்த மரக்கட்டையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி செருகினான். கட்டை போட்டிருந்ததால் அந்த ஒரு ஓட்டையை மட்டும் ராஜாமணி தொடாமல் விட்டிருந்தான்.

"அது இன்னாத்துக்குண்ணே?" என்று பேச்சுக்குக் கேட்டான்.

"கரயேறின ஒடனே இத்தப் புடுங்கி வுட்டா உள்ள கீற தண்ணி பூரா வந்துடும். தலையில எறங்கின தண்ணிகூட."

"தலையில கீற தண்ணி எப்டி இங்க வரும்?"

"செவுருல வழி வுட்டுக்கிறான் இல்ல, அடியில. அது வழியா ஓடியாந்துடும். அந்த வழி மட்டும் இல்லன்னு வெச்சிக்க, தண்ணி தலையிலயே நின்னுபூடும். மேல பாத்தா தெரியாது. தல கனத்துனு இருக்கிற போட்டு அலைய ஏறாது மேஸ்திரி, குத்தும். ஒரே குத்து, அவ்ளோதான்."

ராஜாமணியின் முகத்தில் ஈயாடவில்லை.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஆனால் நடேசன் பக்கத்தில் நின்று, "ராஜாமணி அடைச்சா அடைச்சதுதான்" என்று வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார். கங்கம்மாள் படகின் தலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி, "ஆடி கழியட்டும். ஆவணில எறக்கறோம். நீ வரணும்ப்பா. போட்டு வேல செஞ்சவனத்தான் மொத அலைக்கு ஏத்திகினு போவோம், அது எங்க ஊரு வழக்கம்" என்றாள். ராஜாமணி தலையை ஆட்டினான். லாரி கிளம்பிப் போய்விட்டது.

அன்றையிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. உருளை தேய்க்கும்போதும் அந்தத் துளைகள்தான் கண்முன் வந்தன. அவ்வளவு நேர்த்தியாக அடைத்தேனே, தடவினால்கூடத் தெரியாதபடி அடைத்தேனே என்று நினைத்ததும் உருளையைக் கீழே வைத்துவிடுவான். கொஞ்சம் மோசமாக வேலை செய்திருந்தால் அது தானே பெயர்ந்துவிடும். இவன் செய்தது பெயராது.

பொறுக்காமல் நடேசனிடம் சொன்னான். அவர் கெட்டவர் இல்லை. யோசித்துவிட்டு, "உள்ள தண்ணி போனாத்தானப்பா வெளிய வரணும்? உன் ஜாயிண்ட்டுல எங்க போவும் தண்ணி? பேசாம வேலயப் பாரு" என்றார்.

அதைக் கேட்டு ராஜாமணிக்கு உயிர் வந்தது. ஆமாம், ஆமாம்! தண்ணீர் போக நான் எங்கே இடம் வைத்தேன்? பழைய படகு ஒழுகியது, அதனால் வழி தேவைப்பட்டது. என் படகு ஒழுகாது, வழி எதற்கு? இப்படி ஒரு வாரம் நிம்மதியாகப் போயிற்று. வீட்டில் இரண்டாவது முறை சோறு கேட்டான். செந்தாமரைகூட ஆச்சரியப்பட்டாள்.

பிறகு ஆடி மாதத்து மழை ஒன்று பெய்தது. மறுநாள் காலை, மூடிபோட்டு வைத்திருந்த ஒரு புதுத் தொட்டியைத் திறந்தான். காலித் தொட்டி. யாரும் அதில் சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்து, தொட்டியின் அடியில் ஈரம் படர்ந்திருந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இது அவனுக்குப் புதுசா? எத்தனையோ முறை துணியால் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனதுதான். மூடின அறை தானே வேர்க்கும். வெயிலில் காய்ந்து கடலில் குளிர்கிற படகு எவ்வளவு வேர்க்கும்! ஒருநாளில் ஒன்றும் ஆகாது. ஒரு மாசத்திலும் ஆகாது. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, தலைப்பக்கத்துச் சுவருக்கு முன்னால் குடம் குடமாகச் சேர்ந்து நிற்கும், ஒருத்தனுக்கும் தெரியாது. அன்றைக்கு அலை வரும்.

இந்த இடத்தில் அவன் மனசு செய்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் அலைக்குத்தானே என்னை ஏற்றுவார்கள் என்று நினைத்தான். முதல் அலையில் படகு அன்னம்போலப் போகும். நான் சிரித்துக்கொண்டே இறங்கி, மாலையைப் போட்டுக்கொண்டு, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வீடு வந்துவிடலாம். பிறகு என்றைக்கோ ஏதாவது ஆனால் கடலைத்தான் சொல்வார்கள், என்னைச் சொல்ல மாட்டார்கள். இப்படி நினைத்ததும் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பு போகவே இல்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குப்பத்துக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்புவான். "ஓவர்டைம் இருக்குது" என்று பட்டறைக்குப் போய்விடுவான். ஆவணி பிறந்தது. கங்கம்மாள் வெற்றிலை பாக்கும் ஒரு கட்டு வாளைக் கருவாடும் வைத்து அழைத்துவிட்டுப் போனாள். அவள் முகத்தைப் பார்த்து அவனால் சொல்ல முடியவில்லை.

போக வேண்டிய நாளில் விடியற்காலையே எழுந்து ஒரு பையை எடுத்து வைத்தான். அதில் ரம்பம், உளி, மேட்டுச் சுருள், ரெசின் டப்பா.

"சாமி கும்புட்டு, போட்டு எறக்கப் போறவனுக்கு ரம்பம் இன்னாத்துக்கு?" என்றாள் செந்தாமரை.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஒரு பழைய லுங்கியையும் துண்டையும் மடித்துப் பையில் வைத்தாள். "ஒரு நாள்ல முடியாதுல்ல" என்றாள்.

சிங்கபெருமாள் கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பஸ் மாறிப் போனான். ரெசின் நாற்றத்துக்கு ஒரு கண்டக்டர் அவனைப் பின்சீட்டுக்குத் துரத்தினான். ராஜாமணி வழியில் ஒரு மாடியையும் பார்க்கவில்லை.

கரையில் பாதிக் குப்பம் கூடியிருந்தது. நீலப் படகு அலையைப் பார்த்து நின்றது. மாலை, குங்குமம், தலைக்கடியில் எலுமிச்சம்பழம். சூடம் காட்டினார்கள். மோட்டாரை மாட்டினார்கள். சின்னப்பையன் புதுச் சட்டை போட்டிருந்தான். அவன் சட்டை போட்டு ராஜாமணி பார்த்ததில்லை.

"ஏறு மேஸ்திரி" என்றான்.

ராஜாமணி நகரவில்லை.

"ஏறுப்பா, நேரம் ஆவுது" என்றாள் கங்கம்மாள்.

"நா ஏறலக்கா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "மேட்டுக்காட்டு ஆளு, அலையப் பாத்து நடுங்கிட்டாருடா!" ஒரே சிரிப்பு. சின்னப்பையனும் சிரித்துவிட்டான். "சரி வுடு, பயந்த மனுசன எதுக்கு இட்டுகினு போவணும்? கரையில நின்னு பாரு மேஸ்திரி, அது போதும்" என்றான்.

அடடா, கடைசி நிமிஷத்தில் கதவு எப்படித் திறந்தது பாருங்கள்! பயந்தாங்கொள்ளி என்ற பேரோடு வீட்டுக்குப் போய்விடலாம். அதில் பொய்கூட இல்லை, அவனுக்குப் பயம்தான். ஆட்கள் படகைத் தள்ளத் தோளைக் கொடுத்துவிட்டார்கள்.

ராஜாமணி ஓடிப்போய்ப் படகின் முன்னால் நின்றான். "தள்ளாதீங்க! செவுத்துல இருந்த வழிய நா அடைச்சிட்டேன். ஓட்டன்னு நெனச்சி அடைச்சிட்டேன். தலையில தண்ணி நின்னா வெளிய வராது. தட்ட அறுக்கணும்."

சிரிப்பு நின்றது. சின்னப்பையன் அவன் கிட்டே வந்தான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"லாரில ஏத்துன அன்னிக்கே."

"ஆடி பூராவும் கம்முனு இருந்தியா?"

"இருந்தேண்ணே."

அடிவிழும் என்று நினைத்தான். விழுந்திருந்தால் தேவலை. சின்னப்பையன் புதுச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டான். கூட்டத்தில் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். ஒரு கிழவி மணலை வாரித் தூற்றினாள். நல்ல நாளும் போயிற்று, நல்ல நேரமும் போயிற்று. கங்கம்மாள்தான் படகிலிருந்து மாலையைக் கழற்றி, சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க அறுக்கணுமோ அறு" என்றாள். அவள் குரலில் கோபமும் இல்லை, அன்பும் இல்லை.

ராஜாமணி அந்த நீலத் தட்டில் ரம்பத்தை வைத்தான். தூவின மணல் பல்லில் பட்டுக் கிறீச்சிட்டது. அழுகை வந்தது. எல்லோரும் கலைந்துபோய்விட்டதால் அழுதுகொண்டே அறுத்தான். ஒவ்வொரு சுவரின் மேலும் ஒரு கை நுழைய வாய் திறந்து, படுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டு, உளியால் தன் வேலையையே கொத்தினான். அது லேசில் உடையவில்லை. நகம் பெயர்ந்தது. அன்றைக்கு அவனைச் சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. டீக்கடையில் பன் வாங்கித் தின்றுவிட்டு வலைக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். மறுநாள் மதியம் கங்கம்மாள் ஒரு தட்டில் சோறும் குழம்பும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கு அடுத்த நாள் சின்னப்பையன் வந்தான். ஒரு உளியை எடுத்து எதிர்ப்பக்கத்துச் சுவரில் கொத்த ஆரம்பித்தான்.

வழிகள் திறந்ததும் கங்கம்மாள் ஒரு குடம் தண்ணீரைத் தலைப்பக்கத்துத் திறப்பில் ஊற்றினாள். மூவரும் பின்பக்கம் போய்க் கட்டையைப் பிடுங்கிவிட்டு மணலில் மண்டிபோட்டுக் காத்திருந்தார்கள். வரவில்லை. பிறகு ஒரு சொட்டு வந்தது. அதற்குப் பின்னால் ஃபைபர் தூளும் உடைந்த சில்லுமாகக் கலங்கிக்கொண்டு, குடத்துத் தண்ணீர் முழுக்க மணலில் கொட்டியது. சின்னப்பையன் வாயைத் திறந்து மூச்சு விட்டான்.

அறுத்த வாய்களை ராஜாமணி மூடினான். ஒட்டுப்போட்ட இடங்கள் தழும்புமாதிரி தெரிந்தன. மேலே பூச நீலப் பூச்சு அவனிடம் இல்லை.

அதற்கு மறுநாள் காலை, சூடம் இல்லை, மாலை இல்லை, கூட்டமும் இல்லை. தள்ளுவதற்கு வேண்டிய ஆட்கள் மட்டும் வந்திருந்தார்கள். ராஜாமணி பையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். சின்னப்பையன் ஏறினான். ராஜாமணியை ஏறச் சொல்லவில்லை. ராஜாமணிக்குச் சுருக்கென்று இருந்தது. நம்பிக்கை போய்விட்டது, போகத்தானே செய்யும் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

கங்கம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"உன்ன ஏத்தத் தேவயில்லப்பா" என்றாள். "செஞ்சவன எதுக்கு ஏறச் சொல்றோம்? அவன் ஏறி இன்னா ஆவப்போவுது? மொத நாளு எந்தப் போட்டும் நல்லாத்தான் போவும். ஏறுன்னு சொல்ற அந்த நேரத்துல அவன் மூஞ்சி எப்டி மாறுதுன்னு பாக்கத்தான். உன் மூஞ்சிய நாங்க பாத்துட்டோம். அன்னிக்குச் சிரிச்சோமே, நீ அப்டியே போயிருக்கலாம். போவலியே. நீ வூட்டுக்குக் கெளம்பு, உன் பொஞ்சாதி தேடும்."

ராஜாமணி பையைக் கீழே வைத்தான். எதிரே அலை எழும்பி உடைந்து நுரையோடு காலடிவரை வந்துவிட்டுப் போனது. வாய் உலர்ந்துபோயிற்று.

"எனக்கு நீச்சல் தெரியாதுக்கா" என்றான்.

"தெரியும். உன்னப் பாத்தாலே தெரியுது."

"இருந்தாலும் நா ஏறணும். நீங்க என் மூஞ்சிய பாத்துட்டீங்க. நா பாக்க வேணாமா?"

கங்கம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு படகைப் பார்த்து, "யோவ், நில்லு!" என்று கத்தினாள். சின்னப்பையன் திரும்பினான். ராஜாமணி முழங்கால் தண்ணீரில் தட்டுத் தடுமாறி ஓடி வந்துகொண்டிருந்தான். சின்னப்பையன் குனிந்து கையைக் கொடுத்துத் தூக்கி, தலைப்பக்கத்தில் ஒட்டுப்போட்ட இடத்தின் மேல் உட்கார வைத்தான்.

"கெட்டியா புடிச்சிக்க" என்றான்.

ராஜாமணி பிடித்துக்கொண்டான். பின்னால் ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். முதல் அலை வந்தது. படகு தலையைத் தூக்கியது.